பிரிக் லேன் முனையில் ஒரு பழைய கூடம்

கிழக்கு லண்டனில் பிரிக் லேனும் ஃபோர்னியர் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் படம் எடுப்பது அதன் மினாரை. சுமார் 29 மீட்டர் உயரம், பளபளக்கும் எஃகு, எழுந்தது 2009 வாக்கில். பின்னால் நிற்கும் கட்டடமோ 1743-ல் எழுந்தது. அதை ரசிக்க வேண்டுமானால் மினாரை விட்டுவிட்டு ஃபோர்னியர் ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பி, எதிர் நடைபாதையில் நின்று செங்கல் சுவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜன்னல்கள். மேலும் கீழுமாக இரண்டு வரிசை இருப்பதால் இரண்டு தளக் கட்டடம் என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே கட்டியது ஒரே உயரமான கூடம். மூன்று பக்கமும் சுவரை ஒட்டி மாடம் போல கேலரி. கீழ் வரிசை ஜன்னல்கள் கீழே உட்காருகிறவர்களுக்கு வெளிச்சம் தர, மேல் வரிசை கேலரிக்காரர்களுக்கு. கூட்டம் எப்படி உட்கார்ந்தது என்பதை வெளிச்சுவரே சொல்லிவிடுகிறது.

அப்படி உட்கார்ந்தவர்கள் ஹியூகனாட்டுகள், அதாவது கால்வின் வழியில் வந்த பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள். 1685-ல் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டு உரிமையை ரத்து செய்ததும் பல்லாயிரம் பேர் பிரான்ஸை விட்டு ஓடினார்கள். பட்டு நெசவு தெரிந்தவர்களில் பலர் லண்டன் நகர எல்லைக்குச் சற்று வெளியே இருந்த இந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தறி போட்டார்கள். அவர்களுடைய வழிபாட்டில் நடுநாயகம் பிரசங்கம். போதகரின் குரல் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சிலை கிடையாது, சுவரோவியம் கிடையாது. நம் கோயிலில் கருவறை போல, புனிதமென்று ஒதுக்கிய ஓர் இடமும் கிடையாது. கட்டடக் கலையில் இது வறுமை என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் இந்த வெறுமைதான் இதன் பெருஞ்செல்வம். பின்னால் வந்தவர்கள் யாருக்கும் இடிக்கவோ மறைக்கவோ இங்கே அதிகம் இருக்கவில்லை.

அப்படிப் பின்னால் வந்தவர்களின் வரிசையைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். நெசவாளர் குடும்பங்கள் ஆங்கிலேயரோடு கலந்து, பிரெஞ்சுப் பிரசங்கத்துக்கு ஆள் குறைந்தது. 1809-ல் யூதர்களைக் கிறிஸ்தவர்களாக்கப் பாடுபட்ட ஒரு சங்கம் இந்தக் கூடத்தை எடுத்தது. பத்து ஆண்டுகளில் அது போய், 1819-ல் மெதடிஸ்டு கிறிஸ்தவர்கள் வந்தார்கள். நூற்றாண்டின் முடிவு வரை இருந்தார்கள். 1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் கலவரங்களுக்குத் தப்பிய யூதர்கள் இந்தத் தெருக்களை நிறைத்தார்கள். 1898-ல் இதே கூடம் ஆசாரம் வழுவாத யூதர்களின் ஜெப ஆலயமானது. யூதர்களை மதம் மாற்ற முயன்ற அதே சுவர்களுக்குள், தொண்ணூறு ஆண்டுகளுக்குள், எபிரேய மொழியில் பிரார்த்தனை! லண்டனில் இவ்வளவு அழுத்தமான திருப்பம் கண்ட கட்டடங்கள் குறைவு.

தையல் தொழிலில் முன்னேறிய யூதக் குடும்பங்கள் வடக்கு லண்டனுக்குக் குடிபெயர, வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள் அதே தெருக்களில் ஆடைத் தொழிலுக்கே வந்து சேர்ந்தார்கள். 1976-ல் கூடம் பள்ளிவாசலாகத் திறந்தது. பட்டு, தையல், தோல் ஜாக்கெட் என்று சரக்கு மாறினாலும் வருகிறவர்களுக்குச் சோறு போட்டது துணியும் ஊசியும்தான். மதங்களின் கதையாக மட்டும் இதைச் சொல்கிறவர்கள் வாடகையையும் கூலியையும் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது தலையை நன்றாக நிமிர்த்தி, கூரையடியில் உள்ள முக்கோண முகப்பைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சூரியக் கடிகாரம், 1743 என்ற ஆண்டு, நாம் நிழலே என்று பொருள்படும் ஒரு லத்தீன் வாசகம். லண்டனில் நண்பகல் சூரியன் எப்போதும் வானின் தென்பக்கமே இருக்கும். அதனால் தெற்கு பார்த்த இந்தச் சுவரில் வைத்தார்கள். ஜெப ஆலயமான போதும், பள்ளிவாசலான போதும் அதை யாரும் அகற்றவில்லை. வெயில் உள்ள நாளில் போனால் அது வேலை செய்வதையே பார்க்கலாம்.

அடுத்து, அதே தெருவில் மேற்கே சில நிமிடம் நடந்தால் கிறைஸ்ட் சர்ச். நிக்கலஸ் ஹாக்ஸ்மோர் வடிவமைத்தது. 1714 முதல் 1729 வரை கட்டினார்கள். வெள்ளைக் கல், பிரம்மாண்டமான தூண்கள், வானை முட்டும் கோபுரம். இங்கிலாந்து அரசின் ஆதரவு பெற்ற ஆங்கிலிக்கன் சபை, அதைச் சேராதவர்கள் நிறைந்த பகுதியில் தன் இருப்பைக் காட்ட எழுப்பியது. பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் எழுந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், செங்கல் கூடத்தின் அடக்கம் பணமின்மையால் மட்டும் வந்ததல்ல, கொள்கையாலும் வந்தது என்பது விளங்கும். இடையில் உள்ள வீடுகளின் மேல்மாடியையும் கவனிக்க வேண்டும்: தறிக்கு வெளிச்சம் வேண்டி வைத்த அகலமான ஜன்னல்கள் பலவற்றில் அப்படியே இருக்கின்றன.

உள்ளே போக விரும்புகிறவர்கள் தொழுகை நேரம் அல்லாத வேளையில் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது முறை. தொழுகை வரிசைகள் மக்கா இருக்கும் தென்கிழக்கு நோக்கி அமையும். கூடத்தின் சுவர்களோ தெருவின் போக்குக்குக் கட்டியவை. இரண்டு திசைகளும் ஒரே அறைக்குள் எப்படிச் சமரசமாகின்றன என்று தரைவிரிப்பின் கோடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.