மணிக்கணக்கும் வழக்குக்கட்டும்: வழக்கறிஞர்களின் தொடர்கல்வி குறித்த விமர்சன நோக்கு

திறவுச்சொற்கள்: தொடர்கல்வி, வழக்கறிஞர்கள் சட்டம், புதிய குற்றவியல் சட்டங்கள், நீதிமன்றத் தமிழ்

இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற ஒருவரின் சட்ட அறிவு ஒரே ஒருமுறைதான் சோதிக்கப்படுகிறது. 2011 முதல் நடைபெற்றுவரும் அகில இந்திய பார் தேர்வே அச்சோதனை. அதனை நடத்தும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 பிப்ரவரியில் உறுதி செய்தது. தேர்வில் தேறியவர் அடுத்த நாற்பது ஆண்டுகளில் எதையேனும் புதிதாகக் கற்றாரா எனக் கேட்பார் இல்லை. 2009-2010 கல்வியாண்டுக்கு முன் பட்டம் பெற்ற மூத்தவர்களுக்கு அந்த ஒரு சோதனையும் கிடையாது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் பழையது: தொழிலே ஆசான், சீனியரின் அலுவலகமே பள்ளிக்கூடம். சட்டம் மெல்ல மாறிய காலத்தில் இதில் உண்மை இருந்தது. 2024 ஜூலை 1 அன்று அது பொய்த்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்திலும் ஒரே நாளில் புதிய சட்டங்கள் வந்தன. அன்று சீனியரும் ஜூனியரும் ஒரே வகுப்பின் மாணவர்கள் ஆயினர், வகுப்புதான் இல்லை.

மாறியவை பிரிவு எண்கள் மட்டுமே என்று கருதுவது பெரும்பிழை. கொலைக்குரிய 302 என்பது 103 ஆனதை ஒப்பீட்டு அட்டவணை சொல்லிவிடும். போலீஸ் காவலில் நேர்ந்த மாற்றத்தை எந்த அட்டவணையும் விளக்காது. 1992இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, ரிமாண்ட் செய்யப்பட்டவரை முதல் பதினைந்து நாள்களுக்குள் மட்டுமே போலீஸ் காவலுக்கு அனுப்ப இயலும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவோ, அந்தப் பதினைந்து நாள்களைப் பகுதி பகுதியாகவும், வழக்கின் தன்மைக்கேற்ப முதல் நாற்பது அல்லது அறுபது நாள்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கோர இடம் தருகிறது. இதனை அறியாத வழக்கறிஞர், பதினாறாம் நாள் வரும் காவல் மனுவை எதிர்க்கச் சரியான வாதமின்றி நிற்பார். அறியாமை அவருடையது, காவலில் இருப்பவர் கட்சிக்காரர். மின்னணுச் சாட்சியத்திலும் இதே நிலைதான். பழைய 65பி சான்றிதழை மட்டும் பழகியவருக்கு, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு நிபுணரின் பகுதியையும் ஹாஷ் மதிப்பையும் கேட்பது புதிது.

நீதிபதிகளுக்கு போபாலில் தேசிய நீதித்துறை அகாதமியும் சென்னையில் மாநில அகாதமியும் உள்ளன. மேடையில் இருப்பவர் பயிற்சி பெற்றவர், எதிரே வாதிடுபவர் பெறாதவர் என்னும் ஏற்றத்தாழ்வு நீதியின் தரத்தைப் பாதிக்கும். கருத்தரங்குகளும் சட்ட உரைகளும் நடத்துவதை மாநில பார் கவுன்சிலின் பணிகளுள் ஒன்றாக 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 6 குறிப்பிடுகிறது. பொன்னாடையில் தொடங்கிக் குழுப் படத்தில் முடியும் கூட்டங்கள் அப்பணியின் நிறைவேற்றம் ஆகா.

எனவே ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் எனக் கட்டாயமாக்கலாம் என்ற யோசனை எழுகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா 1975இலேயே இவ்வழியில் சென்றது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்குப் பதினாறு மணி நேரம் என்றிருந்த விதி 2016 நவம்பரில் முற்றாகக் கைவிடப்பட்டது. நாற்காலியில் அமர்ந்த நேரத்தை அளக்கலாம், கற்றதை அளக்க இயலாது என்பதே அம்முறையின் அடிப்படைக் குறை. ஆயினும் அங்கு மாற்றாக வந்த தற்சோதனை முறையையும் இங்கே அப்படியே நட இயலாது. தன் குறையைத் தானே கண்டறியுமாறு அது கேட்கிறது. மேற்பார்வையுள்ள நிறுவனத்தில் அது ஓரளவு நடக்கும். தாலுகா நீதிமன்றத்தில் தனியாகத் தொழில் செய்பவருக்குச் சுட்டிக்காட்ட அருகில் எவரும் இல்லை.

அவருக்கு உதவக்கூடியது அவருடைய வழக்குக்கட்டிலிருந்து தொடங்கும் கல்வி. ஒரு ரிமாண்ட் அறிக்கை, ஒரு பிணை மனு, ஒரு மின்னணுச் சான்றிதழ் ஆகியவற்றை முன்வைத்து, அந்தந்த வழக்கறிஞர் சங்கத்திலேயே, தமிழில் அது நடைபெற வேண்டும். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சி விசாரணை பெரிதும் தமிழில் நிகழ, பயிற்சியுரைகள் மட்டும் ஆங்கிலத்தில் இருப்பது பொருத்தமற்றது. சட்டங்களின் பெயர்களே தமிழ் நாவுக்கு எளிதாக இல்லை என்பது வேறு. தமிழ்த்துறைகளும் சட்டக் கல்லூரிகளும் இணைந்து கலைச்சொல் ஆக்கத்தோடு நின்றுவிடாமல், மாதிரி மனுக்களையும் குறுக்கு விசாரணைப் பயிற்சிகளையும் உருவாக்க வேண்டிய களம் இது. 2024 ஜூலைக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால், இரு சட்டத் தொகுப்புகளையும் ஒரே மேசையில் வைத்துத் தொழில் செய்யும் நிலை இன்னும் பல ஆண்டுகள் நீடிக்கும்.