அயர்லாந்து வரலாற்று நூல்கள்: ஓர் உரைகல்

அயர்லாந்து என்றதும் நம்மில் பலர்க்கு நினைவில் எழுவன இரண்டு. ஒன்று டி வலேராவின் பெயர். மற்றொன்று, நம் அரசியலமைப்பிலுள்ள அரசுநெறி வழிகாட்டுக் கோட்பாடுகள் அந்நாட்டின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் தழுவியவை என்னும் செய்தி. 1930இல் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய வங்க இளைஞர்கள் டான் பிரீனின் தன்வரலாற்றை விரும்பிப் படித்தவர்கள் என்பதையும் சிலர் அறிவர். இவ்வுறவு பெருமைக்குரியதே. எனினும், நூல் தேர்வுக்கு இப்பெருமையே தடையாகிவிடுவதுண்டு. நம் போராட்டத்தின் நிழலை அங்கே தேடிச் செல்லும் நாம், வீரரையும் கொடியோரையும் மட்டும் காட்டும் நூலையே நல்ல நூல் எனக் கொள்கிறோம். டான் பிரீன் பிறந்த அதே டிப்பரரி மாவட்டத்தில் பிறந்தவர்தாம் ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாபை ஆண்ட மைக்கேல் ஓ டயர் என்பதை அத்தகைய நூல்கள் நமக்குச் சொல்வதில்லை.

ஒரு நூலின் தரத்தை அறிய நான் முதலில் புரட்டுவது 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தைப் பற்றிய பக்கங்களை. உருளைக்கிழங்கைத் தாக்கிய நோயால் விளைந்த பசியிலும், அதைத் தொடர்ந்த காய்ச்சல்களிலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினர் கப்பலேறினர். 1841இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65 லட்சமாகச் சுருங்கிற்று. தாது வருஷப் பஞ்சத்தின் கதையறிந்த தமிழர்க்கு இவை வெறும் எண்கள் ஆகா.

நிவாரணப் பணியை லண்டன் கருவூலத்திலிருந்து நடத்தியவர் சார்லஸ் டிரெவிலியன். இவர் நமக்கு அயலார் அல்லர். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து, புதிய வரிகளை எதிர்த்து வெளிப்படையாக எழுதியமையால் 1860இல் திரும்ப அழைக்கப்பட்டவர். சென்னையின் பீப்பிள்ஸ் பார்க் இவர் முயற்சியால் உருவாயிற்று. (பழைய புத்தகங்களுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட், 1985இல் எரியும் வரை, அவ்விடத்தில்தான் நின்றது.) அரசுப் பணியாளரைப் போட்டித் தேர்வால் தெரிந்தெடுக்க வேண்டும் என்ற 1854ஆம் ஆண்டு அறிக்கையை அளித்த இருவருள்ளும் இவர் ஒருவர். தேர்வெழுதி வந்து கோப்புகளோடு காலங்கழிக்கும் என்னைப் போன்ற எழுத்தர்கள் ஒருவகையில் அவர்க்குக் கடன்பட்டவர்கள். இத்துணைத் திறமும் நேர்மையும் உடைய ஒருவரின் மேசை வழியே ஒரு நாட்டின் பட்டினி கடந்து சென்றது எங்ஙனம்? இவ்வினாவை எதிர்கொள்ளாத நூல் எனக்கு நிறைவளிப்பதில்லை.

சிசில் வுட்ஹாம் ஸ்மித் 1962இல் எழுதிய 'தி கிரேட் ஹங்கர்' இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. கடிதங்களையும் குறிப்பாணைகளையும் தேடியெடுத்து அவர் கதையை நடத்திச் செல்லும் ஆற்றல் வியக்கத்தக்கது. ஆயினும் பழி முழுவதையும் டிரெவிலியனின் பேனாமுனையில் ஏற்றிவிடுவதால், அமைச்சரவையும் நிலக்கிழார்களும் எளிதில் தப்பிக்கின்றனர். அது ஒரு சிறந்த நாவல் என்ற கூற்றையே 1963இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் வரலாற்றுத் தேர்வில் கட்டுரைத் தலைப்பாக்கினார்கள். இவ்வேளனம் நியாயமன்று. பஞ்சத்தின் நூற்றாண்டை முன்னிட்டுத் திட்டமிட்டு, எட்வர்ட்ஸும் வில்லியம்ஸும் தொகுத்து 1956இல் வெளிவந்த பேராசிரியர்களின் கட்டுரைத் தொகுதியில் மாண்டோரைக் கணக்கிடத் தனிக் கட்டுரை ஒன்றுகூட இல்லையே! அதில் உயிருள்ள பகுதி, மக்களின் வாய்மொழி மரபைத் திரட்டித் தந்த கடைசிக் கட்டுரையே.

பின்வந்தோரில், ராபின் ஹெய்ன்ஸ் 2004இல் டிரெவிலியனுக்காக வாதாடினார். முடிவெடுத்தவர்கள் அமைச்சர்களே என்பது அவர் வாதம். வாதம் வலுவானது, ஆனால் கோப்பின் பக்கங்களுக்கிடையே பசித்தவன் மறைந்துபோகிறான். டிம் பேட் கூகன் 2012இல் இதை இனப்படுகொலை எனவே எழுதினார். அங்கே தீர்ப்பு முன்னும் சான்று பின்னுமாக வருகின்றன.

என் தேர்வு கோர்மாக் ஓ கிராடாவின் 1999ஆம் ஆண்டு நூலாகிய 'பிளாக் ஃபார்ட்டி செவன் அண்ட் பியாண்ட்'. பொருளியல் அறிஞரான இவர் விலைவாசியையும் ஏழையர் விடுதிப் பதிவுகளையும் எடைபோடுகிறார். கெய்லிக் மொழியில் வழங்கிய பஞ்ச நினைவுகளையும் புறக்கணிப்பதில்லை. 1847 கோடையில் அரசின் கஞ்சித் தொட்டிகள் உச்ச நாள்களில் சுமார் 30 லட்சம் பேர்க்கு உணவளித்தன. அவ்வாண்டு இலையுதிர் காலத்துக்குள் அவை மூடப்பட்டு, சுமை நொடித்துப்போன உள்ளூர் வரிகளின் தலையில் ஏற்றப்பட்டது. அரசால் முடியாமற்போகவில்லை, அது நிறுத்திக்கொண்டது. ஒரு கொடியவனைத் தேடுவதைவிட இச்செய்தியே நெஞ்சைச் சுடுகிறது.

முழு வரலாற்றுக்கு ஒரு நூல் வேண்டுவோர் எஃப். எஸ். எல். லயன்ஸ் 1971இல் எழுதிய 'அயர்லாந்து சின்ஸ் த ஃபமின்' நூலில் தொடங்கலாம், நடை நிதானமானது. ராய் ஃபாஸ்டரின் 1988ஆம் ஆண்டு நூல் அறிவொளி மிக்கது, ஆயினும் முன்னறிவை எதிர்பார்ப்பது. அதன் எள்ளல் புதியவர்க்கு எட்டாது. நம் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜே. ஜே. லீ 1989இல் வெளியிட்ட நூலை. விடுதலைக்குப் பின்னும் 1950களில் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வெளியேறினர். சென்றோரின் பிரிவால் இருந்தோர் அடைந்த நலனை லீ மறைக்காமல் எழுதுகிறார். ஊரில் தங்கிவிட்ட உறவினர்க்கும் அப்பகுதியைப் படித்துக் காட்டலாம்.