அகஸ்டசின் கல்வெட்டு: ஒரு திறனாய்வு

கி.மு. 27இல் உரோமானியக் குடியரசு முடிவுற்றுப் பேரரசு தோன்றிற்று என்று பாடநூல்கள் ஒரே வரியில் கூறிச் செல்கின்றன. மாணவரும் அவ்வாண்டை மனனஞ் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். ஆனால் அம்மாற்றத்தை நிகழ்த்தியவன் எனப்படும் அகஸ்டஸ், தானே எழுதிய நூலொன்றில் அக்காலத்தைக் குறித்து நேர்மாறாகப் பேசுகிறான். குடியரசைத் தன் கையிலிருந்து செனட் சபையிடமும் மக்களிடமும் ஒப்படைத்த காலம் அது என்கிறான். முடிந்ததாக நாம் கற்பிப்பதை மீட்டளித்ததாக அவன் எழுதுகிறான். இவற்றுள் எது மெய் என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஆய்ந்துள்ளனர். அக்கூற்று எத்தகைய சொற்களால் கட்டப்பட்டுள்ளது என்பதை மொழியாசிரியராகிய நாம் ஆய்தல் வேண்டும்.

'ரெஸ் கெஸ்டே' என இலத்தீனில் வழங்கும் அந்நூல், 'ஆற்றிய செயல்கள்' எனப் பொருள்படும். முப்பத்தைந்தே சிறு பகுதிகளையுடையது. உரோம் நகரில் அகஸ்டசின் கல்லறை முன்பாக வெண்கலத் தூண்களில் பொறிக்கப்பட்ட மூலம் அழிந்துபோயிற்று. துருக்கியின் அங்காரா நகரிலுள்ள பழைய கோயிற் சுவரில் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்த படியே நமக்குப் பெரிதும் துணையாகிறது. 1555இல் புஸ்பெக் என்னும் தூதுவர் வாயிலாக அஃது ஐரோப்பிய அறிஞர்க்குத் தெரியவந்தது. நம் சோழர் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தியை இதனோடு ஒப்பிடத் தோன்றும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மெய்க்கீர்த்தி மன்னனைப் படர்க்கையில் வைத்து, அடைமொழிகளை அடுக்கிப் புகழும். அகஸ்டசோ தன்மையிடத்தில் நின்று, அடைமொழியே இன்றிப் பேசுகிறான். செய்தேன், கொடுத்தேன், மறுத்தேன் என்னும் வினைமுற்றுகளே அவன் அணிகலன்கள்.

நூலை முதன்முறை மொழிபெயர்ப்பிற் படித்தபோது இச்சுருக்கத்தையே இதன் பேரழகெனக் கருதினேன். மீண்டும் படிக்கப் படிக்க, சுருக்கம் எவ்விடங்களில் கூடுகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன்.

தொடக்கமே பாருங்கள். பத்தொன்பது வயதில், தன் முயற்சியாலும் தன் பணத்தாலும் படை திரட்டி, ஒரு கும்பலின் ஆதிக்கத்திலிருந்து நாட்டை விடுவித்ததாகக் கூறுகிறான். அக்கும்பல் எது? பெயரில்லை. கருதப்படுபவன் மார்க் அந்தோணி. கி.மு. 44 மார்ச் 15ஆம் நாள் யூலியஸ் சீசர் கொல்லப்பட்டபின் எழுந்த குழப்பத்தில் அவனை எதிர்த்தே இவ்விளைஞன் படை சேர்த்தான். எந்தப் பதவியும் வகிக்காத ஒருவன் சொந்தமாகப் படை திரட்டுவது குடியரசின் சட்டப்படி பெருங்குற்றம். அக்குற்றத்தையே முதற் சாதனையாக முன்வைக்கும் துணிவு வியப்பூட்டுவது. அடுத்து, தன் தந்தையைக் கொன்றோரை நீதிமன்றத் தீர்ப்பால் நாடு கடத்தியதாகவும், பின்னர் அவர்கள் போர் தொடுத்தபோது இருமுறை வென்றதாகவும் எழுதுகிறான். புரூட்டஸ், காசியஸ் ஆகியோர் பெயரும் இல்லை. கி.மு. 42இல் அப்போர்கள் நிகழ்ந்த பிலிப்பி என்னும் ஊரின் பெயரும் இல்லை. கடற்போரில் தன்னை எதிர்த்த செக்ஸ்டஸ் பாம்பே, புகழ்மிக்க தளபதியின் மகன். அவன் 'கடற்கொள்ளையர்' என்னும் ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறான். எதிரியைப் பழிக்கவேண்டுமென்றால் அவன் பெயரைச் சொல்லியாக வேண்டும். இங்கே அந்த இடங்கூட அவர்களுக்கு அளிக்கப்படவில்லை.

இவற்றைவிட என்னை உறுத்துவது சிசெரோவின் இன்மை. அந்தோணியைக் கண்டித்துப் பதினான்கு பேருரைகள் இயற்றி, இவ்விளைஞனே குடியரசின் காவலன் என்று செனட் சபையில் பரிந்து பேசியவர் அவர். அச்சபை இவனுக்கு இடமும் படைத்தலைமையும் அளித்ததை நூல் கூறுகிறது. பெற்றுத் தந்தவரைக் கூறவில்லை. கி.மு. 43 நவம்பரில் அந்தோணியோடும் லெபிடசோடும் இவன் உடன்பாடு செய்துகொண்டான். கொல்லப்படவேண்டியோர் பட்டியல் எழுந்தது. டிசம்பர் 7ஆம் நாள் சிசெரோ கொலையுண்டார். வெட்டப்பட்ட தலையும் கையும், அவர் நின்று பேசிய மேடையிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. நூலில் இந்த மூவர் ஆட்சி, குடியரசைச் சீரமைக்க மக்கள் அளித்த பொறுப்பு என்று அமைதியாகக் குறிக்கப்படுகிறது. கொலைப் பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மன்னிப்புக் கேட்ட குடிமக்கள் அனைவரையும் உயிரோடு விட்டதாக மட்டும் அடுத்து ஓரிடத்தில் வருகிறது. சிசெரோ மன்னிப்புக் கேட்க வாய்ப்பில்லை என்பதனால் அவ்வாக்கியம் பொய்யுமன்று!

ஆயினும் நூல் முழுதும் வெறும் மறைப்பே என்று தள்ளுவது நேர்மையாகாது. கி.மு. 133இல் நிலச் சீர்திருத்தம் கோரிய டைபீரியஸ் கிராக்கஸ் அடித்துக் கொல்லப்பட்ட நாள்முதல் உரோமரின் அரசியல் குருதியில் தோய்ந்தே வந்தது. மாரியஸ் நிலமற்ற ஏழைகளைப் படையிற் சேர்த்தான். அவ்வீரர்கள் போர் முடிந்ததும் நிலம் வேண்டித் தம் தளபதியை நோக்கினரேயன்றி நாட்டை நோக்கவில்லை. கி.மு. 88இல் சுல்லா அத்தகைய படையோடு சொந்த நகரத்துக்குள்ளேயே புகுந்தான். கி.மு. 49இல் சீசர் ரூபிக்கன் ஆற்றைக் கடந்தான். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோணி தோற்கும்வரை மூன்று தலைமுறைகள் இதனையே கண்டன. ஏறத்தாழ 5,00,000 குடிமக்கள் தன் கீழ்ப் படைவீரராக உறுதிமொழி ஏற்றனர் என்றும், அவர்களுள் 3,00,000க்கும் மேற்பட்டோரைக் குடியேற்றங்களில் அமர்த்தியோ சொந்த ஊர்களுக்கு அனுப்பியோ வாழ்வளித்தேன் என்றும் அகஸ்டஸ் கணக்குக் காட்டுகிறான். ஒரே ஆண்டில் 82 கோயில்களைப் புதுப்பித்ததையும் சொல்கிறான். இவை வெற்றுப் பெருமையல்ல. குடியரசு தீர்க்கமாட்டாது விட்ட சிக்கலை ஒருவன் தீர்த்தான். மக்கள் அதற்குரிய விலையைக் கொடுத்தனர்.

அவ்விலை என்ன என்பது 34ஆம் பகுதியில் உள்ளது. நூலின் உயிர்நிலை அதுவே. அதிகாரத்தைத் திருப்பி அளித்தபின், செல்வாக்கில் தான் அனைவரையும் விஞ்சி நின்றதாகவும், ஆனால் அதிகாரத்தில் தன்னோடு பதவி வகித்தவர்களினும் மிகுதியாக எதனையும் பெறவில்லை என்றும் எழுதுகிறான். இங்கே செல்வாக்கு என்று நான் பெயர்த்த சொல் இலத்தீனில் 'அவுக்டோரிடாஸ்'. அதிகாரம் என்றது 'பொடெஸ்டாஸ்'. பின்னது பதவியால் வருவது. பதவிக்காலம் முடிந்தால் போவது. முன்னது ஆளோடு ஒட்டியது, சட்டத்தால் அளக்கவியலாதது. அங்காராச் சுவரில் முதற்சொல் இருந்த இடம் சிதைந்திருந்தது. கிரேக்கப் படியை வைத்து, செருமானியப் பேரறிஞர் மொம்சன் 'மாண்பு' என்னும் பொருளுடைய 'டிக்னிடாஸ்' என்று அவ்விடத்தை நிரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தியோகியாவில் வேறொரு படியின் துண்டுகள் கிடைத்தபோது உண்மைச் சொல் தெரியவந்தது. மாண்பு வணங்கச் செய்யும். செல்வாக்குக் கீழ்ப்படியச் செய்யும். ஒரு பாடபேதத்தால் ஓர் ஆட்சிமுறையின் விளக்கமே மாறியது. பதிப்பாசிரியர் பணியை எளிதென எண்ணும் மாணவர்க்கு இதனைக் கூறவேண்டும்.

அதிகாரம் மிகுதியில்லை என்ற கூற்றையும் சற்றுத் தட்டிப் பார்ப்போம். மக்கள் சர்வாதிகாரப் பதவியை அளிக்க முன்வந்தபோது ஏற்க மறுத்ததாகக் கூறுகிறான், உண்மைதான், கி.மு. 22இல் மறுத்தான். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, எளிய மக்களின் காவலரான திரிபியூன்களுக்குரிய அதிகாரம் முழுவதையும், அப்பதவியை ஏற்காமலே, வாழ்நாள் முழுதும் பெற்றுவிட்டான். கி.மு. 27இல் குடியரசை ஒப்படைத்த அதே கையோடு ஸ்பெயின், கால், சிரியா முதலிய, படைகள் மிகுந்த மாகாணங்களைப் பத்தாண்டுக்குத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டான். இம்மாகாணப் பங்கீடு நூலில் இல்லவே இல்லை. எகிப்தை உரோம மக்களின் ஆட்சிப் பரப்போடு சேர்த்ததாக எழுதுகிறான். அம்மக்களின் செனட் உறுப்பினர் எவரும் அவன் இசைவின்றி எகிப்து மண்ணை மிதிக்கக்கூடாது என்று அவனே விதித்திருந்ததை எழுதவில்லை.

நூல் மறைத்த மற்றொன்றைத் தமிழ்நாட்டு மண் காட்டிக்கொடுக்கிறது. இந்திய மன்னர்களின் தூதுக்குழுக்கள் பன்முறை தன்னிடம் வந்ததாக 31ஆம் பகுதியில் பெருமைப்படுகிறான்; பாண்டியன் என்னும் மன்னன் அனுப்பிய பரிசுகளைக் கிரேக்க நிலநூலார் ஸ்டிராபோவும் குறிக்கிறார். அத்தொடர்பின் சான்றாகக் கோவை வட்டாரத்திற் புதையலாகக் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளில் அகஸ்டசின் ஒருவகைக் காசு மிகுதி. அதன் ஒருபுறம் அவன் தலை. மறுபுறம் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் இரு இளைஞர், கேயசும் லூசியசும். மகள் யூலியாவின் பிள்ளைகளான இவர்களை அகஸ்டஸ் தன் மக்களாகத் தத்தெடுத்தான். இவர்களின் பதினைந்தாம் வயதிலேயே செனட் சபை, ஐந்தாண்டுக்குப் பின் ஏற்கவேண்டிய ஆட்சித்தலைவர் பதவிக்கு இவர்களைக் குறித்து வைத்தது. இதனை நூலும், தனக்கு வந்த சிறப்பு என்ற அளவில் கூறுகிறது. காசோ ஒளிவுமறைவின்றி அரசனையும் இளவரசரையும் அச்சிட்டு, மிளகு வாங்க வந்த வணிகர் வழியே கடல்கடந்து அனுப்பியது. இவர்களைப் பெற்ற யூலியா கி.மு. 2இல் தீவொன்றுக்குக் கடத்தப்பட்டாள். அவளுக்கும் நூலில் இடமில்லை.

இளைஞர் இருவரும் முறையே கி.பி. 4இலும் கி.பி. 2இலும் மாண்டனர். வேறு வழியின்றி மனைவி லிவியாவின் முதற் கணவனுக்குப் பிறந்த டைபீரியசைத் தத்தெடுத்தான் அகஸ்டஸ். கி.பி. 14 ஆகஸ்டு 19ஆம் நாள், ஏறத்தாழ எழுபத்தாறு வயதில், நோலா என்னும் ஊரில் இறந்தான். இந்நூல் செனட் சபையிற் படிக்கப்பட்டது. குடியரசைக் கண்டிருந்தோர் எத்தனைபேர் எஞ்சியிருந்தனர் என்று பிற்கால வரலாற்றாசிரியர் டாசிடஸ் கேட்கிறார். ஆட்சித்தலைவர் இருவரும் அவ்வாண்டும் முறைப்படியே பதவியில் இருந்தனர். டைபீரியசின் பெயரால் விசுவாச உறுதிமொழியை முதலில் எடுத்தவர்கள் அவ்விருவரே.