இணையச் சான்றும் உரையளவையும்

இக்காலத்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றின் அடியில் "இணையத்திற் கண்டது" என்றொரு குறிப்புக் காணப்படுகின்றது. இது சான்றாமாறு யாங்ஙனம் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

காண்டல், கருதல், உரை என அளவை மூன்றென்பர் நம் ஆசிரியர். இவற்றுள் உரையளவை வலிபெறுவது உரைத்தவரது தகுதியானேயன்றி, அவ்வுரை கிடந்த ஏட்டினாலன்று. இணையமும் ஏடு போல்வதோர் இடமே. ஆதலின் "இணையங் கூறும்" என்றல் "பனையோலை கூறும்" என்றலோ டொக்கும். உரைத்தவர் பெயர் கூறாதவழிச் சான்றில்லை யென்க.

பெயரேயன்றி நாளும் வேண்டும். நம்பியாரூரர் திருவவதாரஞ் செய்த திருநாவலூரைத் தென்னார்க்காடு மாவட்டத்ததென ஒரு பக்கமும், விழுப்புரத்ததெனப் பிறிதொரு பக்கமும், கள்ளக்குறிச்சியதென மற்றொரு பக்கமும் கூறும். இவற்றுள் யாதும் பொய்யன்று. 1993-இல் தென்னார்க்காட்டினின்று விழுப்புரமும், 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்தினின்று கள்ளக்குறிச்சியும் பிரிந்தன. கல்வராயன் மலையின் கீழ்ப்பகுதியும் அவ்வாறே மாறிற்று. அவர் தடுத்தாட்கொள்ளப்பெற்ற திருவெண்ணெய்நல்லூரோ விழுப்புரத்திலேயே நின்றது. எழுதிய நாளுந் தாம் பார்த்த நாளுங் குறியாது எடுத்தாள்வோர், மெய்யுரைத்தாரையும் பொய்யுரைத்தாராக்குவர்.

மூலநூல்களை எடுத்தாளுங்கால் இன்னும் விழிப்பு வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தம் மின்பதிப்புக்களின் முகப்பில் தட்டெழுதினோர், பிழைதிருத்தினோர் பெயர்களைப் பொறித்துள்ளனர். படியெடுப்போர் முகப்பை விடுத்துப் பாட்டை மட்டுங் கொள்கின்றனர். பாடபேதம் நேருமிடத்து, அது பதிப்பாசிரியர் கொண்ட பாடமோ தட்டெழுதுங்கால் நேர்ந்த வழுவோ எனத் துணிதற்கு அப்பொழுது வழியில்லை. அச்சுநூலின் படப்பிரதியாயின் அந்நூலின் பதிப்பும் பக்கமுங் குறித்தல் வேண்டும். தட்டெழுதிய படியாயின் அச்சுப்பதிப்போடு ஒப்புநோக்குதல் வேண்டும்.

ஆகலின் ஆக்கியோர், தலைப்பு, தளம், வெளியிட்ட நாள், பார்த்த நாள், முகவரி என்னும் ஆறனையுங் குறிக்க. தேவாரமாயின் திருமுறை, பதிகம், பாட்டு எண்களையுஞ் சேர்க்க. முகவரி நாளை அழியினும், "ஏழாந் திருமுறை, 17-ஆம் பதிகம்" என்னுங் குறிப்பு, கற்போனைத் திருநாவலூர்ப் பதிகத்தின்கண் தவறாது சேர்ப்பிக்கும்.

சான்று காட்டுதல் புலமையை விளம்புதற்கன்று; பின்வருவோன் தானுஞ் சென்று கண்டு தெளிதற்கே யாம். அவ்வழியை அடைத்து எழுதுங் கட்டுரை, எத்துணை விரிந்ததாயினும், அளவை நூல் கற்றார் அவையில் ஏலாது.