ஆலை வாசலில் ஒரு மேடை

பெங்களூரு மெட்ரோவில் ஸ்ரீராம்புரத்துக்கு அடுத்த நிலையம் சம்பிகே சாலை. அங்கே நிற்கும் பெரிய வணிக வளாகம் ராஜா மில் இருந்த இடத்தில் எழுந்தது. ராஜா மில், பின்னி மில், மினர்வா மில் என்று சுற்றுவட்டாரத்து ஆலைகளை நம்பி ஸ்ரீராம்புரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மைசூர் சமஸ்தானத்துச் சுரங்க, ஆலைத் தொழிலாளர் வாழ்வை வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் 1998இல் நூலாக்கினார். அந்த வாழ்க்கை மேடைக்கும் வர வேண்டும். தொழிற்சங்கத்தோடு சேர்ந்து பிறந்த கலை இந்நாட்டில் என்ன செய்திருக்கிறது என்று பார்த்தால், இது வீண் ஆசை அல்ல என்பது விளங்கும்.

தில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் 1973இல் தொடங்கிய நாடகக் குழு. நெருக்கடி நிலைக்குப் பிறகு பெரிய நாடகங்களுக்குச் செலவழிக்கத் தொழிற்சங்கங்களிடம் பணம் இல்லை. செலவில்லாத சிறு நாடகம் போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். 1978 நவம்பரில் தொழிற்சங்க மாநாட்டில் நடிக்கப்பட்ட ‘மெஷின்’ அப்படி வந்ததுதான். காசியாபாத் பக்கத்து ஆலை ஒன்றில் சைக்கிள் நிறுத்த இடமும் தேநீர் குடிக்கக் கேன்டீனும் கேட்ட தொழிலாளர்கள் காவலாளிகளின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த செய்திதான் அதற்கு விதை. நடிகர்களே கைகோத்து இயந்திரமாக நின்று, சத்தமெழுப்பிச் சுழல்வார்கள். திடீரென்று இயந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றது என்ற கேள்வியிலிருந்து நாடகம் நகரும். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; திரை வேண்டாம், விளக்கு வேண்டாம்.

இந்தக் கலைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். 1989 புத்தாண்டு நாளில் சாகிபாபாத்தில் இக்குழுவின் ‘ஹல்லா போல்’ நாடகம் நடந்துகொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினர். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார்; குழுவின் நிறுவனர்களில் ஒருவரான சப்தர் ஹஷ்மி மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அதே இடத்தில் அதே நாடகத்தைக் குழுவினர் நடத்தி முடித்தனர். சப்தரின் துணைவி மாலாஸ்ரீயும் நடித்தார்.

கர்நாடகத்தில் 1975இல் உருவான ‘சமுதாயா’ ஊர் ஊராக ஜாத்தா போய் வீதி நாடகம் போட்டது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் மதுரையில் பிறந்தது. நாடக இயக்குநர் பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984 முதல் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவில் 1982இலேயே அரசின் கலை மன்றமும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து, வேலையிடத்துக் கலைக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கின. நம் சங்கங்களில் கலைக்கு இன்றும் மாநாட்டு மாலை மட்டும்தான் ஒதுக்கப்படுகிறது. இது பெருங்குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிலாளிக்காக நடிப்பது ஒன்று; தொழிலாளியே வசனம் சொல்லி, திருத்தி, நடிப்பது வேறு. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதி விதியை எதிர்த்துச் சாலைக்கு வந்து, அரசைப் பின்வாங்கவைத்த பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர் பெண்கள் அந்தப் போராட்டத்தைத் தாங்களே நடித்துக் காட்டினால் எத்தனை வலுவாக இருக்கும்!

1970களில் தறியில் நின்றவர்களுக்கு இன்று அறுபது வயதாவது ஆகியிருக்கும். பெங்களூருத் தமிழ்ச் சங்கமும் தொழிற்சங்கங்களும் கன்னட நாடகக் குழுக்களும் ஸ்ரீராம்புரத்துத் தெருக்களில் இறங்கி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, தமிழிலும் கன்னடத்திலும் நாடகமாக்க வேண்டும். தயவுசெய்து இந்த ஆண்டே தொடங்குங்கள்.