நாவின் அளவுகோல்

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குச் செல்லும் சமவெளியாருள் சிலர், அங்கு தமக்குப் படைக்கப்பெறும் சாமைச் சோற்றை உண்டுவிட்டு, "நெல்லுச் சோறுபோல் இல்லையே!" என்று உதட்டைப் பிதுக்குவர். சாமையைச் சாமையாகவே சுவைக்க அவர்தம் நாவுக்குப் பொறுமை இருப்பதில்லை. இதே பிழையைக் கடல் கடந்து சென்று, சீனரின் 'திம்சம்' உணவு மேசையில் நாமும் செய்தோம். அப்பிழையே இக்கட்டுரையின் பொருள்.

ஹாங்காங்கின் வான்சாய் பகுதியில் 1981-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது, பல தளங்களையுடைய அம்மார் பள்ளிவாசல். அதன் ஐந்தாம் தளத்து உணவகம் ஹலால் திம்சத்திற்குப் பெயர் பெற்றது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மணிக்கல் வணிகத்தின் பொருட்டுச் சென்று அந்நகரில் வாழும் நம்மவர்க்கு அது நன்கு தெரிந்த இடம். முஸ்லிமல்லாத சீனரும் அங்கு ஆவலோடு வந்து உண்கின்றனர்.

'இதயத்தைத் தொடுவது' என்பது திம்சம் என்னும் சொல்லின் நேர்ப்பொருள். ஆயினும் அவ்விருந்தில் தலைமை தேநீருக்கே; சிற்றுண்டிகள் அதன் துணைகள். அதனால்தான் கான்டன் மக்கள் இதனை 'யாம்சா', அதாவது 'தேநீர் அருந்துதல்' என்றே வழங்குகின்றனர். ஒருவர் பிறர் கிண்ணத்தில் தேநீர் வார்க்க, பெறுபவர் இருவிரலால் மேசையைத் தட்டி நன்றி உரைப்பார். மூங்கில் தட்டுகளில் மூன்றும் நான்குமாக வருபவற்றை யாவரும் பகிர்ந்துண்பர். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்துண்ணும் நமக்கு இது அயலான பண்பன்று.

ஆனால், சுவையில்தான் நாம் தடுமாறினோம். இறால் பொதிந்த 'ஹார்காவ்' வந்தது. கோதுமையின் மாச்சத்தோடு மரவள்ளி மாவு கலந்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய தோலாக்கி, மடிப்பு மடிப்பாகச் சுருக்கி ஆவியில் வேகவைப்பது அது. வெந்தபின் உள்ளிருக்கும் இறாலின் செம்மை தோலினூடே தெரிதல் வேண்டும். எடுக்கும்போது தோல் கிழிதலும் ஆகாது. இத்துணை நுட்பத்தையும் நோக்காமல், "சப்பென்று இருக்கிறது" எனத் தீர்ப்பளித்து மிளகாய்ச் சாந்தில் அதனை அமிழ்த்தினோம். பிறகு நாம் உண்டது இறாலை அன்று, மிளகாயையே.

கொழுக்கட்டையும் இடியப்பமும் ஆவியில் அவித்துண்ணும் மரபினர் நாம். அவ்வாறிருந்தும், மசாலா இல்லாத இடத்தில் சுவையே இல்லை என எண்ணியது நாவின் குறை, உணவின் குறையன்று. இரண்டாம் தட்டை எதுவும் தொட்டுக்கொள்ளாமல் உண்டபோதுதான் இறாலின் இயல்பான இனிமை நமக்குப் புலப்பட்டது.

புகழ்ந்துரைப்பது மட்டுமே திறனாய்வு ஆகாது. 'சியூமாய்' பெரும்பாலும் பன்றியிறைச்சி கொண்டு செய்யப்படுவது. ஹலால் சமையலில் கோழியோ மாட்டிறைச்சியோ அதன் இடத்தைப் பெறுகிறது. கொழுப்புத் தரும் நெகிழ்வைக் கோழியின் வற்றல் தசை அவ்வளவாகத் தருவதில்லை. இதனை ஒப்புக்கொள்வதால் ஹலாலின் மேன்மைக்கு இழுக்கில்லை. விலக்கப்பட்டதன் நிழலாக நில்லாமல், அனுமதிக்கப்பட்டதன் சொந்தச் சுவையைத் தேடுவதே சமையற்காரரின் கடமை. இறால் அதில் வென்றிருக்கிறது, கோழியும் வெல்லக்கூடும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எவ்வுணவையும் குறை கூறியதில்லை என்பதை நாம் அறிவோம். எனில், உணவைத் திறனாய்வது தகுமோ என்று அன்பர் வினவலாம். குறை கூறுவோன் தன் விருப்பத்தையே அளவுகோலாகக் கொள்கிறான். திறனாய்வோன் பொருளின் இயல்பை அறிந்து, அவ்வியல்பைக் கொண்டே அதனை அளக்கிறான். ஹைக்கூவை வெண்பாவின் தளைகொண்டு அளப்பவனை நாம் திறனாய்வாளன் என ஏற்போமா? இலக்கியத்தில் நாம் மறுக்கும் அநீதியை உணவு மேசையில் நாமே இழைக்கலாகாது.

அடுத்த முறை வெள்ளிமலைச் சாமைச் சோறு நம்முன் வைக்கப்படும்போது, நெல்லை நினையாமல் பிஸ்மி சொல்லிக் கைவைப்போம்.