பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எந்த லென்ஸ்?

பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பெரும் நிழற்படக் கலைஞர்களுள் ஒருவர். கணவருக்கு இங்கே கோப்பிக் காணிகள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தவர், 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கெயர்ன் தோட்டத்தில் இறந்தார். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் நிழற்படப் பத்திரிகைகள் அவர் படங்களில் ஓயாமல் சொன்ன குறை, போகஸ் சரியில்லை என்பது. முதலில் அவர் பயன்படுத்தியது பிரான்சில் செய்த ஜாமின் லென்ஸ். பழியை அதன்மேல் போட்டுவிடலாம். ஆனால் 1866 வாக்கில் டால்மேயர் லென்ஸ் பூட்டிய பெரிய கெமராவுக்கு மாறிய பிறகும் படங்களில் அதே மென்மைதான். விமர்சகர்கள் கண்ணாடியை எடைபோட்டார்கள், எடுத்தவரின் விருப்பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. (இலங்கையில் அவர் எடுத்த படங்களில் நிற்கும் உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்குப் பெயரே பதியப்படவில்லை. அதை அன்று யாரும் குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.)

அந்தக் காலத்தில் கெமராப் பெட்டி செய்தவர் ஒருவர், லென்ஸ் செய்தவர் இன்னொருவர். இன்றைய கணக்கில் கமரன் கையாண்டவை வெளிக் கம்பனி லென்ஸ்கள். கெமராவும் லென்ஸும் மின்முனைகள் வழியாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் ‘சொந்த லென்ஸ்’, ‘வெளி லென்ஸ்’ என்ற சாதிப் பிரிவு இறுகியது. இந்தப் பிரிவில் தரம் எவ்வளவு, வெறும் பெயர் எவ்வளவு? அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் கல்யாணமும் திருவிழாவும் எடுத்துப் பிழைப்பவருக்கு இது சோற்றுக் கேள்வி.

வெளி லென்ஸ்கள் மேல் பழைய சந்தேகம் சும்மா வந்ததில்லை. ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்த பழைய கெமராக்களில் போகஸ் பார்க்கும் உணரி, படம் பதியும் சென்சரிலிருந்து தனியாக, அடியில் இருந்தது. இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் மணமகள் கண்ணில் விழவேண்டிய போகஸ் காதில் விழும். வெளி லென்ஸ்களில் இந்தத் தொல்லை அதிகம் பேசப்பட்டது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கெமரா சென்சரிலேயே போகஸ் பார்க்கிறது, அதனால் அந்தத் தொல்லையின் வேரே போயிற்று. லென்ஸ் பூட்டும் மவுண்டுக்கும் சென்சருக்கும் இடைவெளியும் குறைந்தது: நிக்கோன் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., இசட் மவுண்டில் 16 மி.மீ. லென்ஸ் வடிவமைப்பவருக்குக் கைநீட்ட இடம் கிடைத்தது. ‘வெளி லென்ஸ் என்றால் மட்டம்’ என்று இன்றும் சொல்பவர் பத்து வருடத்துக்கு முந்திய கெமராவைப் பற்றிப் பேசுகிறார்.

சோனி 2011இல் தன் ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அந்த மவுண்டுக்கு 2018இல் வெளிக் கம்பனியான டாம்ரனின் 28-75 எஃப் 2.8 வந்தது, எடை 550 கிராம். சோனியின் சொந்த 24-70 அப்போது 886 கிராம். பிரட்டுக்களத்திலிருந்து மேல் லயம்வரை ஏறி இறங்கிப் படம் எடுக்கும் தோளுக்கு இந்த வித்தியாசம் புரியும். அடுத்த ஆண்டு இன்னொரு வெளிக் கம்பனியான சிக்மாவின் 24-70 வந்தது, 2024இல் அதன் இரண்டாம் பதிப்பு.

இனி விலை. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்து, வரியும் கடை லாபமும் சேர்க்காமல், அமெரிக்க அறிமுக விலையைக் கணக்கிடுவோம். சோனியின் இரண்டாம் 24-70 ஏறக்குறைய 2,300 டொலர்: 6,90,000 ரூபாய். சிக்மாவின் இரண்டாம் பதிப்பு 1,200 டொலர்: 3,60,000. டாம்ரன் 28-75இன் இரண்டாம் பதிப்பு 900 டொலர்: 2,70,000. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் முறையே 511, 267, 200 பேர், அதாவது அத்தனை நாள் வேலை. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கெமரா வாங்குகிறான் என்றால், அம்மா கொழுந்து பறித்த பேர்க் கணக்கில்தான் வாங்குகிறான்.

அப்படியானால் டாம்ரன்தானா? இங்கேதான் லயம் குறுக்கே வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பன்னிரண்டடிச் சுவரோரம் குடும்பம் நிற்கிறது. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டினால் எட்டடி தூரம் கிடைக்கும். 24 மி.மீ. சரியாகப் பன்னிரண்டு அடியை அடைக்கும். 28 மி.மீ. பத்தடி சொச்சத்தோடு நின்றுவிடும். விடுபட்ட அந்த இடத்தில் நிற்பது அநேகமாகப் பாட்டி. ஓரத்தில் நிற்பவர் 24இல் சற்றுப் பருத்துத் தெரிவார், உண்மைதான். ஆனாலும் படத்தில் இருப்பார். சோதனைப் பலகை வரைபடம் எதுவும் காட்டாத இந்த நான்கு மில்லிமீட்டருக்காக நான் சிக்மாவுக்கு 90,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பேன்.

மூலைக் கூர்மையைப் பற்றிய சண்டை இங்கே செல்லாது. நுவரெலியா மூடுபனியில் நூறடிக்கு அப்பால் எந்த லென்ஸும் ஒன்றுதான், நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்துவிடும். லென்ஸ் சோதிக்கப்படுவது ஒளிக்கு எதிரே நிற்கும்போது: தீமிதி இரவில், கருவறை விளக்கு வரிசைக்கு முன்னால், சிவனொளிபாதமலை உச்சியில் சூரியன் சட்டத்துக்குள் எழும்போது. பூச்சு நன்றாக இல்லாவிட்டால் கறுப்பு சாம்பலாகும், முகத்தில் ஒளிப்பொட்டு விழும். லென்ஸ் வாங்கப் போகும்போது கடை டியூப் லைட்டைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சொந்த லென்ஸுக்கு மேன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். சோனியின் வேகமான கெமராக்கள் வெளி லென்ஸோடு நொடிக்கு 15 படத்துக்கு மேல் எடுக்கா. தேயிலைக்குள் சிறுத்தைக்குக் காத்திருப்பவருக்கு அது இழப்பு, தாலி கட்டுவதை எடுப்பவருக்கு இல்லை. வீடியோவில் போகஸ் நகரும்போது சட்டகம் சுருங்கி விரிவதைக் கெமராவே சரிசெய்யும் வசதியும் சொந்த லென்ஸுக்கு மட்டுமே. கல்யாண வீடியோவே முழுத் தொழில் என்றால் இதை யோசிக்க வேண்டும்.

மலிவுச் சீன லென்ஸ்களில் கண்ணாடி நன்றாகவே இருக்கிறது. வில்ட்ராக்ஸின் எஃப் 1.2 லென்ஸ்கள் அதற்குச் சாட்சி. சந்தேகம் வேறு இடத்தில். மவுண்டின் மொழியை உரிமையில்லாமல் படித்துச் செய்த லென்ஸ், கெமராவின் மென்பொருள் மாறும் நாளில் ஊமையாகக் கூடும். விலை குறைந்த பலவற்றில் ஈரம் தடுக்கும் ரப்பர் வளையமும் கிடையாது. மாதக்கணக்கில் மழை நிற்காத ஊரில் அப்படிப்பட்டதை முதல் லென்ஸாக வாங்குவது தவறு. பூஞ்சை பிடித்தால் பூச்சையே அரித்துவிடும், துடைத்தால் போகாது.

கெனன் விஷயம் வேறு. ஆர்.எஃப். மவுண்ட் 2018இல் வந்தது. சிக்மாவுக்கும் டாம்ரனுக்கும் கதவு திறந்தது 2024இல், அதுவும் சிறு சென்சர் லென்ஸ்களுக்கு மட்டும். முழுச் சட்டக் கெனன் உடலை மலிவாகக் கண்டு வாங்குபவர் பிறகு லென்ஸுக்குக் கெனன் சொன்ன விலையைக் கட்டவேண்டி வரும்.

ஆகவே அட்டன் பக்கம் முதல் மிரர்லெஸ் வாங்குபவருக்கு என் தீர்ப்பு: உடலுக்கு முன் மவுண்டைப் பாருங்கள். சோனி ஈ, அல்லது எல் மவுண்ட். இரண்டுக்கும் வரும் சிக்மா 24-70ஐ அதில் பூட்டுங்கள். பணம் எட்டாவிட்டால், பழைய 2019 பதிப்பைக் கைமாற்றில் வாங்குங்கள், உள்ளே டோர்ச் அடித்துப் பூஞ்சை பார்த்த பிறகு. மிச்சப் பணத்தில் காற்றுப் புகாத பெட்டி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள்.